நெல் விலையை எந்தப் பக்கத்தில் போடுவீர்கள்? தமிழ் நாளிதழ் ஆசிரியர்களுக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கும் செய்தி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

இலங்கையின் வடக்கே வன்னியில், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டங்களில் கமக்காரர் அமைப்புகளிலும் கடற்றொழிலாளர் சங்கங்களிலும் கணக்குப் பார்ப்பவர்களும், பாடசாலைகளில் பொருளியல் படிப்பிப்பவர்களும் சேர்ந்து இந்த மடலை எழுதுகிறோம். 2022 இல் நாடு வங்குரோத்தான நாள் தொட்டு நெருக்கடி பற்றி நீங்கள் வெளியிட்டதை விடாமல் வாசித்து வருகிறோம். நீங்கள் பொய் எழுதினீர்கள் என்பது எங்கள் முறைப்பாடு அல்ல. எழுதியதில் பெரும்பகுதி சரியான தகவல்தான். ஆனால் அது கடையில் பொருள் வாங்குகிறவரின், அதிலும் கொழும்பில் வாங்குகிறவரின், இடத்தில் நின்று எழுதியது. வன்னியில் ஒரு குடும்பம் எதையாவது விற்றால்தான் எதையாவது வாங்கும். நெல், உழுந்து, கச்சான், பால், மீன், இறால், ஒன்றும் இல்லாவிட்டால் உடம்புக் கூலி. அந்த விற்கிற பக்கத்துக் கணக்கு முன்பக்கத்துக்கு வருவதில்லை. வந்தாலும் பிராந்தியச் செய்திப் பக்கத்தில், ஆர்ப்பாட்டப் படத்துக்குக் கீழே வருகிறது.

நெல்லிலிருந்தே தொடங்குகிறோம். 2025 பெப்ரவரி 5 ஆம் திகதி அரசாங்கம் நெல் கொள்வனவு விலையை அறிவித்தது. கிலோவுக்கு "நாடு" என்ற நெல் வகை 120 ரூபா, சம்பா 125, கீரிச் சம்பா 132. தலைப்புக்கு இந்த மூன்று எண்கள் போதும், கமக்காரருக்குப் போதாது. அரசுக்காக நெல் வாங்கும் நெல் சந்தைப்படுத்தும் சபையின் விலை உலர்ந்த நெல்லுக்கு உரியது, ஈரப்பதன் 14 வீதத்துக்கு மேற்படக் கூடாது. இப்போது வன்னியில் அரிவாள் வெட்டு அருமை. இயந்திரம் வெட்டி வயற்கரையிலேயே மூடை கட்டும் நெல்லில் ஈரம் 20 வீதத்தைத் தாண்டியும் நிற்கும். காயப்போடத் தளம் வேண்டும், நல்ல வெயில் வேண்டும், கிளறிவிட ஆள் வேண்டும். தளம் இல்லாதவர் தார் வீதியில் கொட்டுகிறார். அந்தப் படம் "போக்குவரத்துக்கு இடையூறு" என்ற குறிப்போடு உங்களிடம் வந்துவிடும். வீதியும் கிடைக்காதவர் ஈரநெல்லாகவே வியாபாரிக்குக் கொடுக்கிறார். ஏனென்றால் இயந்திரக்கூலி அன்றைக்கே கொடுக்க வேண்டும், பசளைக் கடைக் கடன் அறுவடை வரைக்கும்தான் தவணை, வங்கியில் நகை அடகில் இருக்கிறது.

இந்த ஈரக் கணக்கை ஒருமுறை பொறுமையாகப் பாருங்கள். 22 வீத ஈரமுள்ள 100 கிலோ நெல்லில் உலர்பொருள் 78 கிலோ. அதை 14 வீதத்துக்குக் காயவைத்தால் எஞ்சுவது 78 ஐ 0.86 ஆல் வகுத்துக் கிடைக்கும் 90.7 கிலோ. 2023 காலபோக (மழைக்காலப் பெரும்போக) அறுவடைக்கு அரசு உலர்நெல்லுக்கு 100 ரூபாவும், 22 வீதம் வரை ஈரமானதற்கு 88 ரூபாவும் வைத்தது. ஒரே நெல் காயவைத்தால் 9,070 ரூபா, ஈரமாகக் கொடுத்தால் 8,800. இடையிலுள்ள 270 ரூபா காயவைக்கும் கூலிக்குச் சரி, இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தனியார் வியாபாரி அதே ஈரநெல்லை 70 ரூபாவுக்கு எடுத்தார் என்று வைப்போம். உலர்நெல் விலையில் அது 77 ரூபா. அப்போது "100 ரூபா நெல் 70க்குப் போகிறது" என்று நீங்கள் தலைப்பிட்டால், அதிகாரி "அது ஈரநெல்" என்ற ஒரே பதிலில் தப்பிவிடுகிறார். அவர் சொன்னது பொய்யுமல்ல. ஆனால் உண்மையான இழப்பான 23 ரூபா அந்தப் பதிலுக்குள் காணாமல் போகிறது. நெல் விலை எழுதும் ஒவ்வொரு செய்தியிலும் ஈரப்பதனைச் சேர்த்தெழுதினால் இந்த வாசல் அடைபடும். விலைக்குப் பக்கத்தில் "ஈரம் 20 வீதம், மூடைக்கு இத்தனை கிலோ கழிவு" என்று அரை வரி போதும்.

அரிசிச் செய்தியிலும் இதே குறைதான். 2024 டிசம்பரில் நாட்டரிசிக்கு விதித்த உச்ச சில்லறை விலை கிலோ 230 ரூபா. 120 ரூபா நெல்லைக் குற்றினால் ஏறத்தாழ 65 வீதம் அரிசி தேறும். அப்படியென்றால் ஒரு கிலோ அரிசிக்குள் இருக்கும் நெல்லின் விலை 185 ரூபா. மிச்சம் 45 ரூபா ஆலை, லொறி, மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று பிரிகிறது. தவிட்டை விற்ற காசு தனி. நெல் 90 ரூபாவுக்கு வாங்கப்பட்டிருந்தால் அரிசிக்குள் இருப்பது 138 ரூபா, இடைவெளி 92 ஆகிறது. "அரிசி விலை உயர்வு: பொதுமக்கள் அவதி" என்ற செய்தியோடு இந்தக் கழித்தல் கணக்கு ஒருநாளாவது அச்சேற வேண்டும். மாசியில் நெல் விலை விழும்போது அதை நகரத்து வாசகருக்கு நற்செய்தியாக எழுதுகிறீர்கள். அதே பத்திரிகையை வன்னியில் முருகண்டிக்கு வடக்கேயும் வாசிக்கிறார்கள்.

அடுத்தது காலம். உங்கள் கணக்கில் நெருக்கடி 2022 மார்ச்சில் தொடங்குகிறது. டொலருக்கு வைத்த நிலையான மாற்று வீதம் கைவிடப்பட்டது, 31 ஆம் திகதி 13 மணி நேர மின்வெட்டு, மிரிஹானையில் ஜனாதிபதி வீட்டுக்கு முன் எதிர்ப்புக் கூட்டம், ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு நிறுத்தம், ஜூலையில் ஜனாதிபதி தப்பி ஓட்டம். எல்லாம் நடந்ததுதான். ஆனால் வயலில் அது 2021 மே மாதத்திலேயே தொடங்கிவிட்டது, இரசாயனப் பசளை இறக்குமதித் தடையோடு. அந்த ஆண்டுச் சிறுபோகத்தை (கோடைப் போகத்தை)க் கையிருப்பு ஓரளவு தாங்கியது. அடி விழுந்தது புரட்டாசி, ஐப்பசியில் விதைத்த காலபோகத்துக்கு. தடையை நவம்பரில் தளர்த்தியபோது "பசளைப் பிரச்சினைக்குத் தீர்வு" என்று செய்தி வந்தது. நவம்பர் கடைசியில் வன்னிப் பயிரின் வயது என்ன என்று செய்திப் பிரிவில் எவராவது கேட்டிருந்தால் அந்தத் தலைப்பு வந்திருக்காது. யூரியாவை ஒரே தடவையில் போடுவதில்லை. விதைத்து இரண்டாம் கிழமை தொட்டு ஆறு, ஏழு கிழமை வரை பகுதி பகுதியாக மேற்கட்டாகப் போடுவது. மட்டம் வெடிக்கும் (பக்கக் கிளை விடும்) பருவத்தில் கிடைக்காத யூரியாவைக் கதிர் வந்த பிறகு கொட்டினால் நெல் மணி கூடாது, கபிலத் தத்திப் பூச்சிதான் கூடும். இறக்குமதி அனுமதித்த நாளுக்கும் மூடை கமநல சேவை நிலையத்துக்கு வந்த நாளுக்கும் இடையில் வங்கியின் நாணயக் கடிதம், கப்பல், துறைமுகம், லொறி எல்லாம் இருக்கின்றன. அந்தக் காலபோகத்தில் நாட்டின் நெல் உற்பத்தி முந்திய காலபோகத்தைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. 2022 சிறுபோகத்தில் அரசு யூரியா வந்தபோது 50 கிலோ மூடை 10,000 ரூபா. ஏக்கருக்கு இரண்டு மூடை என்று வைத்தால் யூரியாவுக்கு மட்டும் 20,000. அதற்கு முன் மானியத்திலும் இலவசத்திலும் வாங்கிய பொருள் அது.

எனவே வர்த்தமானித் திகதியோடு பயிர்த் திகதியையும் எழுதுங்கள். மத்திய வங்கி, அமைச்சரவை, சர்வதேச நாணய நிதியம் மூன்றும் கொழும்பு நாட்காட்டியில் இயங்குகின்றன. ஒரு முடிவு இரணைமடுக் குளத்தின் கீழோ வவுனிக்குளத்தின் கீழோ கட்டுக்கரைக் குளத்தின் கீழோ எந்தப் பருவத்தில் வந்து தட்டும் என்பதைச் சொல்ல ஒரு பந்தி போதும். எந்தக் கமநல சேவை நிலையத்திலும் பெரும்போக உத்தியோகத்தரைக் கேட்டால் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

பணவீக்கச் செய்தி மாதா மாதம் வருகிறது, மாதா மாதம் ஒரே பிழையோடு வருகிறது. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதம், உணவுப் பணவீக்கம் 94.9. ஒரு வருடம் கழித்து, 2023 செப்டம்பரில், 1.3 வீதம். "பணவீக்கம் 70இல் இருந்து 1.3க்கு வீழ்ச்சி" என்று படித்த ஒருவர் சந்தைக்குப் போய், பருப்பு ஏன் இறங்கவில்லை என்று கேட்டால் பிழை அவருடையதல்ல. 2021 செப்டம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய கூடை ஒரு வருடத்தில் சுமார் 170 ரூபா ஆனது. அடுத்த வருடம் அது 172. 2024 செப்டம்பரில் பணவீக்கம் மறை 0.5 ஆகி, "விலைகள் குறைந்தன" என்று தலைப்பு வந்தபோது அதே கூடை 171. இடையில் சுட்டெண்ணின் அடியாண்டு மாறியதால் இது தசமம் வரை துல்லியமான கணக்கல்ல. அளவு புரிய இது போதும். வீதத்தை எழுதும் நாளில் அந்த நூறு ரூபாக் கூடையையும் ஒரு வரியில் எழுதுங்கள். அது மட்டும் செய்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இன்னொன்று, அந்தச் சுட்டெண் பெயரிலேயே சொல்வதுபோலக் கொழும்பு மாவட்ட நகரக் குடும்பங்களுடையது. மாதம் முடிய முன்னரே கைக்கு வருவதால் அதையே நாட்டின் பணவீக்கம் என்று போட்டுவிடுகிறீர்கள். தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் மூன்று கிழமை பிந்தி வருகிறது, பிந்தி வருவதால் உள்பக்கத்துக்குப் போகிறது. உணவுக்குக் கூடிய பங்கு செலவிடும் வீட்டுக்கு இரண்டாவதே கிட்டிய கணக்கு. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் மாவட்ட வாரியாக வறுமைக் கோட்டையும் மாதந்தோறும் வெளியிடுகிறது. முல்லைத்தீவுக் கோட்டையும் கொழும்புக் கோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் போட உங்களுக்கு எந்த அமைச்சரின் பேட்டியும் தேவையில்லை.

மண்ணெண்ணெய்க்கு வருகிறோம். 2022 ஓகஸ்ட் வரை லீற்றர் 87 ரூபா. பெற்றோல் 470, டீசல் 460 என்று போன காலத்திலும் உங்கள் விலைப்பெட்டியில் மண்ணெண்ணெய் 87 என்றே நின்றது. பெட்டி பிழையில்லை. ஆனால் எண்ணெய் இல்லை. மண்ணெண்ணெயில் பெரும்பகுதி சப்புகஸ்கந்தை சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வருவது, மசகெண்ணெய் இல்லாமல் அந்த நிலையம் அடிக்கடி மூடியது. கொக்கிளாயிலும் நாயாற்றிலும் பேசாலையிலும் வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் கரையில் கிடந்தபோது பத்திரிகையில் மண்ணெண்ணெய் நாட்டிலேயே மலிவான எரிபொருள். ஓகஸ்ட் 22 இல் விலை ஒரேயடியாக 340 ஆனது. 25 லீற்றர் எடுத்துப் போகும் படகுக்கு ஒரு நாள் எண்ணெய்ச் செலவு 2,175 ரூபாவிலிருந்து 8,500 ரூபா. வலை, ஐஸ், ஆட்பங்கு இதற்குள் இல்லை. அன்று நகரத்துச் செய்தி எரிபொருள் பங்கீட்டு QR அட்டை எப்படி வரிசையைக் குறைத்தது என்பது. கொழும்பில் வரிசை குறைந்தது உண்மை. அந்த முறை வாகனப் பதிவிலக்கத்தை வைத்துக் கட்டியது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், முச்சக்கரவண்டிக்கு 5 என்று தொடங்கினார்கள். நீரிறைக்கும் இயந்திரத்துக்கு இலக்கத்தகடு கிடையாது. கத்தரித் தோட்டமும் மிளகாய்க் கன்றும் எண்ணெய் தரச் சொல்லும் கிராம அலுவலர் கடிதத்துக்காகக் காத்திருப்பதில்லை. விலைப்பெட்டியில் விலைக்குப் பக்கத்தில் "கிடைக்கிறது", "இல்லை" என்று இன்னொரு நிரல் போட்டிருந்தால் அந்த ஆண்டின் கதை வேறாக இருந்திருக்கும்.



வட்டி பற்றிய செய்தி வணிகப் பக்கத்தை விட்டு வெளியே வருவதேயில்லை. 2022 ஏப்ரல் 8 இல் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது, வங்கிகளின் வைப்புக்குக் கொடுக்கும் வீதம் 6.5 இலிருந்து 13.5, வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கு 7.5 இலிருந்து 14.5. "7 சதவீதத்தால்" என்று எழுதுவது பிழை, வட்டி இரட்டிப்பாகிவிட்டது. இதை வன்னிக்கு மொழிபெயர்க்க நகை அடகு ஒன்றே போதும். விதைப்புக்கு அடகு வைத்து அறுவடைக்கு மீட்பது இங்கே வழமை, ஏறத்தாழ ஆறு மாதம். ஒரு இலட்சத்துக்கு ஆண்டு வட்டி 12 வீதமென்றால் மீட்கும்போது 6,000 ரூபா கூடக் கட்ட வேண்டும், 24 வீதமென்றால் 12,000. விளைச்சல் குறைந்த போகத்தில் அந்த 6,000 வித்தியாசம்தான் நகை வீடு திரும்புமா ஏலத்துக்குப் போகுமா என்பதைத் தீர்மானிக்கும். ஏல அறிவித்தல்களை விளம்பரமாக அச்சடிப்பதும் நீங்கள்தான். போகத்துக்குப் போகம் அந்த விளம்பரங்களை எண்ணிப் பார்த்தாலே உங்கள் கையில் ஒரு செய்தி இருக்கிறது.

கடன் என்று வரும்போது உங்கள் அளவுகோல் இரண்டாகிறது. நாடு தவணை கட்டாமல் விட்டது "கடன் மறுசீரமைப்பு". நுண்கடன் எடுத்த பெண் தவணை கட்டாமல் விட்டால் அவர் ஏமாற்றியவர், அல்லது தற்கொலைச் செய்தியில் வரும் பரிதாபத்துக்குரியவர். கடன் கொடுத்தவர் என்ன வட்டிக்கு, என்ன வருமானத்தைப் பார்த்துக் கொடுத்தார் என்ற கேள்வி நாட்டின் விடயத்தில் கேட்கப்படுகிறது, அவர் விடயத்தில் இல்லை. இத்தனைக்கும் 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசே முடிவெடுக்க வேண்டியிருந்தது. அதாவது நாடு விழ நாலு வருடம் முன்னரே வன்னி வீடுகள் விழத் தொடங்கியிருந்தன. 2019 குடும்ப வருமான செலவின ஆய்வில் முல்லைத்தீவில் வறுமையில் இருந்தோர் 44.5 வீதம், நாடு முழுவதற்கும் 14.3. அது நெருக்கடிக்கு முந்திய "நல்ல காலத்து" எண். "2022 க்கு முந்திய நிலைக்குத் திரும்புகிறோம்" என்று எழுதும்போது முல்லைத்தீவு எந்த நிலைக்குத் திரும்புகிறது என்பதையும் சேர்த்தெழுத வேண்டும்.

தலைக்கு இவ்வளவு கடன் என்ற தலைப்பையும் கைவிடக் கேட்கிறோம். 51 பில்லியன் டொலர் வெளிநாட்டுக் கடனை 2 கோடி 20 இலட்சம் பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 2,300 டொலர் சொச்சம் வரும், பிறந்த குழந்தையும் கடனாளி ஆகும். கணக்குச் சரி. ஆனால் அது கடன் எடுத்தவரையும் எடுத்ததை அறியாதவரையும் ஒரே வரிசையில் நிறுத்துகிறது. 2023 நவம்பர் 14 இல் உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் கோட்டாபய, மகிந்த, பசில் ராஜபக்ச உள்ளிட்டோரும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் பொதுமக்கள் நம்பிக்கையை மீறினார்கள் என்று கண்டது. அது இரண்டு நாள் செய்தி. தலைக்கடன் தலைப்போ ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்துக்கும் திரும்பி வருகிறது. நாணய நிதியத்தின் 3 பில்லியன் டொலரும் அப்படியே. அது 48 மாதத்தில் தவணை தவணையாக, மீளாய்வுக்குப் பின் மீளாய்வாக வருவது. 2023 மார்ச்சில் வந்தது 33 கோடி டொலர் அளவில்தான். பில்லியனை நூறு கோடி என்று அடைப்பில் போட்டால் எங்கள் மாணவர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

"வன்னி மக்களுக்கு இது புதிதல்ல, பொருளாதாரத் தடையையே தாங்கியவர்கள்" என்ற வகைக் கட்டுரைகளும் 2022 இல் நிறைய வந்தன. பாராட்டாகத்தான் எழுதினீர்கள். போர் நடந்த 1990களில் யூரியாவும் பற்றரியும் எரிபொருளும் தடையாக இருந்தபோது ஏர் பூட்ட மாடு இருந்தது, மாட்டெரு இருந்தது, மாதத் தவணை இருக்கவில்லை. 2009 க்குப் பின் உழவு, வெட்டு, இறைப்பு எல்லாம் டீசலுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மாறின, உழவு இயந்திரம் லீசிங்குக்கு வந்தது. தாங்கிய கையில் இருந்த கருவிகள் இப்போது இல்லை. சகிப்புத்தன்மையைப் புகழும் கட்டுரை, நிவாரணம் தரவேண்டியவருக்கு ஒரு வசதியான சாட்டு.

படகேறித் தனுஷ்கோடிக்குப் போனவர்கள் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 2022 மார்ச் 22 இல் முதலாவதாகப் போய்ச் சேர்ந்த 16 பேரிலிருந்து தொடங்கி, பெயர், ஊர், குழந்தைகளின் முகம் எல்லாம் அச்சில் வந்தன. திரும்பி வருவோருக்குச் சட்டவிரோதமாக நாட்டைவிட்டுப் போன வழக்கு காத்திருக்கிறது, ஊரில் கடன்காரரும் காத்திருக்கிறார். ஊர்ப் பெயரும் முகமும் இல்லாமலே அந்தச் செய்தியை எழுத முடியும்.

இப்படியெல்லாம் ஏன் நடக்கிறது என்பதும் எங்களுக்குத் தெரியும். பிரதேச நிருபர்களில் பலருக்கு மாதச் சம்பளம் இல்லை, வெளியான செய்திக்கும் படத்துக்கும்தான் கொடுப்பனவு. அமைச்சர் வந்தால் படம், ஆர்ப்பாட்டம் நடந்தால் படம், தூக்கு என்றால் படம். ஈரப்பதன் கணக்குக்குப் படம் இல்லை, ஆகவே காசும் இல்லை. போகத்துக்கு ஒரு தடவை, மாவட்டத்துக்கு ஒரு நிருபருக்கு, எரிபொருளும் இரண்டு நாள் கூலியும் கொடுத்து ஒரு ஏக்கரின் வரவு செலவை எழுதச் சொல்லுங்கள். உழவு, விதைநெல், பசளை மூடை, களைநாசினி, வெட்டுக்கூலி, வட்டி, விளைந்த மூடை, விற்ற விலை, ஈரம். அதே இடத்தில் ஒரு படகின் ஒரு மாதக் கணக்கு. ஒரே படிவத்தில் போகத்துக்குப் போகம் போட்டு வந்தால் மூன்றாவது போகத்தில் உங்களிடம் இருப்பது மத்திய வங்கியிடமும் இல்லாத ஒன்று. படிவத்தை நாங்கள் தயாரித்துத் தருகிறோம், கணக்கையும் சரிபார்த்துத் தருகிறோம், எங்கள் பெயர் போட வேண்டியதில்லை.

காலபோக வெட்டு தை நடுப்பகுதியில் தொடங்கும். நிருபரை அனுப்புவதென்றால் மார்கழிக்குள் சொல்லுங்கள், கடைசி மேற்கட்டுப் பசளை போடும்போதே அவர் வயலில் நிற்க வேண்டும்.

இப்படிக்கு,
வன்னியின் நான்கு மாவட்டங்களிலிருந்து, கணக்குப் பார்ப்பவர்களும் பொருளியல் படிப்பிப்பவர்களும்